ஹை-ரெஸ் சித்தப்பா

எங்கள் ஊரில் அவரைப் பாட்டுப் பைத்தியம் என்று யாரும் சொல்வதில்லை. பாட்டுப் பைத்தியத்துக்குப் பாட்டு பிடித்திருக்க வேண்டும். ஹை-ரெஸ் சித்தப்பாவுக்குப் பிடித்தது பாட்டு வந்து சேரும் பாதை. வயது ஐம்பத்தைந்து. ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை, கடைத்தெருவில் வாடகை வரும் ஒரு கடை, கூடத்தில் இடுப்பளவு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், அவற்றுக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. அரை அடி நகர்ந்தாலும் ஒலி கெட்டுவிடுமாம். அதனால் நாற்காலியின் நான்கு காலுக்கும் தரையில் பெயின்ட் குறி உண்டு. விருந்தாளிகள் திண்ணையில் உட்காரலாம். இந்த வகை ஆள் வந்தவாசியில் ஒருவர், செங்கல்பட்டில் நாலைந்து பேர் இருக்கக்கூடும். எனக்குத் தெரிந்தது உத்திரமேரூர்ப் பதிப்பு.

அவர் முன்னால் சொல்லக் கூடாத வார்த்தை ப்ளூடூத். தெரியாமல் சொல்லிவிட்டால் முகம் மாறும், பிறகு கணக்கு வரும். "சிடியில வினாடிக்கு 1411 கிலோபிட். உன் ப்ளூடூத்துல சாதாரணமா 328. ஒசத்தி எல்டாக்குன்னாக்கூட 990 தாண்டாது. மிச்சம் எங்க போச்சு?" நாம்தான் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டோம் என்பதுபோல் பார்ப்பார்.

இது நேற்று வந்த நோயல்ல. எண்பதுகளில் ஊரெல்லாம் ரெக்கார்டிங் சென்டர் வாசலில் நின்று, அறுபது நிமிட கேசட்டுக்கு ஏ பக்கம் இன்ன பாட்டு, பி பக்கம் இன்ன பாட்டு என்று சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்போது பள்ளிக்கூடப் பையனான இவர், டேப் குரோமா மெட்டலா என்று விசாரித்தவராம். "இன்னா பாட்டு போடணும்?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "ஏதாவது போடுங்கண்ணா" என்றாராம்.

இன்றைய ஏற்பாட்டின் தலை, கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக மகளுக்கு வாங்கிய டேப்லட். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள், டேப்லட் வகுப்பு மாறி வந்துவிட்டது. அதன் வாயில் ஓடிஜி கேபிள், கேபிள் முனையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டிஏசி பெட்டி, அதிலிருந்து சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஒயர், கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் சொல்லிச் செய்த அசெம்பிள் ஆம்ப். டேப்லட் எண்களாக அனுப்புவதை மின் அலையாக மாற்றுவது அந்தப் பெட்டியின் வேலை. டேப்லட்டுக்குள்ளேயே அதற்கு ஒன்று இருக்கிறதே என்று கேட்கக் கூடாது. ஒருவர் கேட்டார், இப்போது வேறு தெரு வழியாகப் போகிறார்.

பெட்டி வந்தும் நிம்மதி வரவில்லை. ஆண்ட்ராய்டுக்கு ஒரு பழக்கம். பாட்டு, வாட்ஸ்அப் 'டிங்', அலாரம் என்று வருகிற எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸில்தான் வெளியே விடும். சிடியின் 44.1 ஆனாலும் சரி, ஹை-ரெஸ்ஸின் 192 ஆனாலும் சரி, ஒரே அச்சு. 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14 யுஎஸ்பிக்கு நேர்வழி திறந்துவிட்டது, ஆனால் மகளின் டேப்லட் 10-ஐத் தாண்டாது. ஆகவே ஆண்ட்ராய்டைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு செயலியைக் காசு கொடுத்து வாங்கினார். சுற்றிப் போனதும் அடுத்த சிக்கல். டேப்லட்டுக்கு இருப்பது ஒரு துளை; டிஏசியை மாட்டினால் சார்ஜ் ஏறாது. இரண்டையும் மாட்ட ஒரு ஹப் வாங்கினார். சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் 'ங்ம்ம்ம்' என்று ஒரு ஹம்மிங். சார்ஜரும் ஆம்பும் ஒரே கரண்டில் கைகோத்தால் வருகிற இரைச்சல் அது. இப்போது பவர் பேங்கில் ஓடுகிறது. பவர் பேங்கைச் சார்ஜ் போடுவது சித்தியின் பொறுப்பு.

இத்தனையும் சரியாக இருந்தால் டிஏசியில் ஒரு விளக்கு நிறம் மாறும். சிடி தரத்துக்குப் பச்சை, ஹை-ரெஸ்ஸுக்கு மஞ்சள். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது அந்த விளக்கைத்தான். மஞ்சள் வந்ததும் கண்ணை மூடித் தலையாட்டுவார், நடுவில் ஒரு கண்ணைத் திறந்து மஞ்சளா என்று பார்த்துக்கொள்வார்.

இதில் அவருக்கு ஒரு துயரம் உண்டு. 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் கூடுதல் கட்டணமில்லாமல் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை கொடுக்கத் தொடங்கியது. ஆனால் எல்லாப் பாட்டுக்கும் அந்த முத்திரை கிடையாது. அவருக்குப் பிடித்த ராஜா பாட்டுகளில் விளக்கு பச்சையிலேயே நின்றுவிடுகிறது. மஞ்சள் வருகிற பாட்டுகள் அவருக்குப் பிடிக்கவில்லை. மனிதர் என்ன செய்வார்? பிடிக்காததைக் கேட்கிறார். அறுவடை மெஷின் போகிற தெருவில், ஐரோப்பாவில் யாரோ ஒரு பெண்மணி பியானோ பக்கத்தில் நின்று முணுமுணுப்பது மாலை முழுக்க ஓடுகிறது. அதுவும் நீடிப்பதில்லை. உச்ச தரத்தில் மூன்று நிமிடப் பாட்டு ஏறத்தாழ 145 எம்பி தின்னும். நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் பத்துப் பாட்டு. பதினோராவதில் வட்டம் சுற்றும். "ஏங்க, என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுட்டீங்களா?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

எதிரிகள் வெளியிலும் உண்டு. 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடைவெளி 96 டெசிபல். 24 பிட்டில் 144. அந்த மெல்லிய முனையைப் பிடிக்கத்தான் இவ்வளவு செலவும். ஆனால் ஃபேன் ஓடினால் அது அமுங்கிவிடும். எனவே மே மாதத்திலும் ஃபேன் நிறுத்தப்படும். கிரைண்டர் பாட்டு முடிந்த பிறகுதான் ஓடலாம் என்பதால் அந்த வீட்டில் இட்லி மாவு நள்ளிரவில் அரைபடுகிறது. மழை பெய்து ஏரிப் பக்கம் தவளைகள் தொடங்கிவிட்டால் அவற்றை நிறுத்தச் சொல்ல ஆளில்லை. அன்றைக்கு ஊருக்கு நல்ல மழை, அவருக்கு வீண் மாலை.

போன வருஷம் பக்கத்துத் தெருவில் பாரதக் கூத்து. முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், கட்டியங்காரன் தொண்டை, எல்லாம் நேரடியாக, ஒரு பிட் குறையாமல் காற்றில் வந்துகொண்டிருந்தது. சித்தப்பா எழுந்து ஜன்னலைச் சாத்தினார். சந்தில் துண்டு வைத்து அடைத்தார். உள்ளே அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு லைவ் ரெக்கார்டிங். "கூட்டம் கை தட்டுறது அப்படியே எதிர்ல இருக்கிற மாதிரியே இருக்குது பாரு" என்றார்.

192 விஷயத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. மனிதக் காது மிஞ்சிப்போனால் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதை வைத்துத்தான் 1982-ல் சிடியைக் கொண்டுவந்த சோனியும் பிலிப்ஸும் 44.1-ஐ முடிவு செய்தார்கள். ஐம்பதைத் தாண்டிய காதில் மேல்தட்டு இன்னும் தேய்ந்திருக்கும். 192-ல் 96 கிலோஹெர்ட்ஸ் வரை அடங்கும். அதை முழுசாக ரசிக்கக் கூடியது வௌவால்தான். தெருநாய்க்குப் பாதி கேட்கும். வாசலில் படுத்திருக்கும் நாய் பாட்டு தொடங்கியதும் எழுந்து போய்விடுவதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

வாய் திறந்தவன் அவருடைய அண்ணன் மகன். சென்னையில் இன்ஜினியரிங் படிக்கிறான். "சித்தப்பா, எம்பி3 எது, ஹை-ரெஸ் எதுன்னு பாக்காம சொல்லுவீங்களா?" என்று கேட்டுவிட்டான். கேட்ட ஊர் அப்படி. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், சபைக்கு ஆள் எடுக்கும் முறையைக் கல்லில் வெட்டி வைத்த ஊர். முப்பது குடும்பிலும் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறது வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு. ஒலி ஆய்வாளர்கள் இன்று 'கண்ணைக் கட்டிய சோதனை' என்று செய்வதன் உயிரே அந்த 'அறியாத' தான். பையன் எம்பி3 என்று பத்து, ஹை-ரெஸ் என்று பத்து சீட்டு எழுதிக் குடத்தில் போட்டான். எடுக்கப் பக்கத்து வீட்டு யுகேஜி வாண்டு. டேப்லட்டுக்கும் டிஏசிக்கும் மறைப்பாகச் சித்தியின் பழைய புடவை. இரண்டின் சத்தமும் ஒரே அளவு. இல்லாவிட்டால் சத்தம் கூடியதைத்தான் காது ஒசத்தி என்று சொல்லும்.

விளக்கைப் பார்க்க முடியாத சித்தப்பா அன்று முதல் தடவையாகப் பாட்டைக் கேட்டார். நெற்றியில் வியர்வை. ஃபேன் போடவில்லை என்பது ஒரு காரணம். இருபதில் பதினொன்று சரி.

"பாத்தியா, மெஜாரிட்டி!" என்று எழுந்துவிட்டார்.

பையன் விடவில்லை. 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் ஹை-ரெஸ்ஸைச் சிடி தரத்திலிருந்து பிரித்துச் சொல்லச் சொன்ன 18 சோதனைகளைத் திரட்டிப் பார்த்து, சரியாகச் சொன்னது சராசரி 52.3 சதவீதம் என்று எழுதியிருப்பதைப் போனில் காட்டினான். பூவா தலையா போட்டாலே ஐம்பது. பழக்கிய காதுகள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லின என்றும் அதில் உண்டு. சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை மட்டும் படித்தார். "நம்ம காது பழக்கின காது" என்றார்.

சித்தி அதுவரை வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கூரியரில் வந்த அந்தப் பெட்டி, 'மோட்டார் ஸ்டார்ட்டர் பார்ட்ஸ்' என்ற பெயரில் மாட்டுக் கொட்டகை வழியாக வீட்டுக்குள் வந்தது அவருக்குத் தெரியும்.

"மெஜாரிட்டி வந்துட்டா ஆச்சா?" என்றார். "கணக்கு ஒப்படைக்காதவன் பேரக் குடத்துலயே போடக் கூடாதுன்னு அதே கோயில் சுவத்துல எழுதியிருக்குது. அவன் சொந்தக்காரனுக்கும் கெடையாதாம். உங்களால எனக்கும் போச்சு. அந்தப் பொட்டி இன்னா வெல, சொல்லுங்க."

சித்தப்பா புடவையை விலக்கி டிஏசியைக் குனிந்து பார்த்தார். "இன்னாடா இது, வெளக்கு பச்சைக்கு வந்துட்டுது?" என்றார்.