மேஜைமேல் ஒரு காபி கப்

அறிவிப்பு வந்த அன்றே தம்பி மகன் ஓடி வந்துவிட்டான். செல்போனில் ஒரு படம்: நேற்றுவரை முறைத்துக்கொண்டிருந்த இரண்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் கைகுலுக்கிச் சிரிக்கிறார்கள்.

"இனிமே இவங்க மெஷின்ல அவங்க ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும் பெரியப்பா. போட்டியே கிடையாது! வாங்கறவனுக்குப் பொற்காலம். இதுக்குப் பேருதான் சினர்ஜி." பையன் ஆலோசகர். மணிக்கணக்கில் காசு வாங்குபவன்.

பெரியப்பா மெயின்பிரேம் அறைக் குளிரில் ஸ்வெட்டரோடு முப்பது வருஷம் உட்கார்ந்தவர். படத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. "ஆபீஸ்ல காபி கப் வெச்சிருக்கியா?" என்றார்.

"குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

"குடிக்க இல்லடா. மேஜைமேல வைக்க."

பையன் விழித்தான். பெரியப்பா ஆரம்பித்தார். ஐபிஎம் 1964-ல் சிஸ்டம்/360-ஐ அறிவிக்கும்வரை, பெரிய மெஷினுக்கு மாறினால் புரோகிராமையெல்லாம் திரும்ப எழுத வேண்டியதுதான். 360-ல் சின்னது முதல் பெரியது வரை ஒரே கட்டளைத் தொகுதி. அதை வடிவமைத்தவர்களில் தலையாயவர் ஜீன் ஆம்டால். 1970-ல் வெளியே வந்து, அதே கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் மெஷினைச் செய்யத் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். ஜப்பானின் ஃபுஜித்சு அதில் பணம் போட்டது. முதல் 470வி/6 மெஷின் 1975-ல் நாசாவின் ஆய்வு நிலையம் ஒன்றுக்குப் போனது. ஐபிஎம்மின் ஆபரேட்டிங் சிஸ்டம் அதில் அப்படியே ஓடியது.

"அப்பறம் பாரு வேடிக்கையை. ஐபிஎம் மெஷினே வாங்கப்போறவன்கூட, ஐபிஎம் விற்பனையாளர் வர்ற நாளா பாத்து, ஆம்டால் பேர் போட்ட காபி கப்பை மேஜைமேல வைப்பானாம். விலை தானா இறங்குமாம். மில்லியன் டாலர் கப்புன்னே அதுக்குப் பேரு."

"அது சண்டைக்காலம். இப்ப கூட்டாளிங்க."

"அப்ப கப்பை எங்கடா வைப்பே?"

பையன் ஒப்பந்தத்தைக் காட்டினான். "ஒத்துப்போகும்னு எழுத்துலயே போட்டிருக்காங்க."

"எந்தத் தேதிவரைக்கும்?"

ஒத்துப்போவது என்பது ஒருவன் நடக்க, மற்றவன் பின்னாலேயே ஓடுகிற வேலை. முன்னால் போகிறவன் ஒரு திருப்பம் திரும்பினால் பின்னால் வருபவனுக்கு மூச்சு வாங்கும். 1982-ல் ஐபிஎம் ரகசியங்களை வாங்க முயன்றதாக ஹிட்டாச்சி, மிட்சுபிஷி எலெக்ட்ரிக் ஊழியர்கள்மேல் அமெரிக்காவில் வழக்கு வந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் தகராறில் ஃபுஜித்சு ஐபிஎம்முக்குக் கொடுத்தது, 1988 நடுவர் தீர்ப்போடு சேர்த்து, 83 கோடி டாலருக்கு மேல்.

"அத்தனையும் எதுக்கு? ஒத்துப்போறதுக்கு!"

"நீங்க பழசையே பேசறீங்க. போட்டி இல்லேன்னா செலவு குறையும்…"

பெரியப்பாவின் குரல் உயர்ந்தது. "யாருக்குக் குறையும்? பில்லைக் கட்டறது பேங்க்ல பணம் போட்டவன், வரி கட்டறவன். முப்பது வருஷமா எழுதிச் சேர்த்த கோபோல் புரோகிராமை எடுத்துக்கிட்டு அவன் வேற கடைக்குப் போக முடியாது. அது விக்கறவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விலை போடறான். அந்தக் கழுத்துப்பிடிக்கு நீ சினர்ஜின்னு பேர் வெச்சு, அதுக்கும் மணிக்கணக்குல காசு வாங்கறே!"

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.

"சரி பெரியப்பா, அந்த ஆம்டால் கப் இப்ப எங்க கிடைக்கும்?"

1997-ல் ஆம்டாலை ஃபுஜித்சு முழுசாக வாங்கிக்கொண்டது. 2000-ல் ஐபிஎம் 64 பிட்டுக்குத் தாவியபோது, ஆம்டாலும் ஹிட்டாச்சியும் பின்னால் ஓடியது போதும் என்று நின்றுவிட்டன. ஐபிஎம் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தன் மெஷினில் ஓட்டிக் காட்டிய ஹிட்டாச்சி, 2017-ல், தன் சொந்த ஆபரேட்டிங் சிஸ்டமான விஓஎஸ்3-ஐ இனி ஐபிஎம் மெஷினில் ஓட்டப்போவதாக அறிவித்தது.

"பாத்தீங்களா, கூட்டு வேலை செய்யுது!"

செய்கிறதுதான். ஹிட்டாச்சியை நம்பியவர்களின் பழைய புரோகிராம்கள் பிழைத்தன; அது சின்ன விஷயமல்ல. பெரியப்பாவும் அதை ஒப்புக்கொண்டார். "ஆனா அவங்க மேஜைமேல எந்தக் கப்பை வைப்பாங்க?"

பையன் யோசித்தான். முகம் மலர்ந்தது. "ஃபுஜித்சு கப்!"

ஃபுஜித்சு, 2030 நிதியாண்டோடு மெயின்பிரேம் விற்பனையை நிறுத்தப்போவதாக 2022-லேயே அறிவித்துவிட்டது.