மூச்சு வாங்காத பிற்பாட்டுக்காரர்

குரல்மாதிரி மென்கருவி என்பது, மனிதர் ஒருவர் ஒவ்வொரு சுரத்தையும் மெல்லவும் ஓங்கியும் தனித்தனியே பாடிப் பதிந்த துண்டுகளைக் கணினியில் அடுக்கிவைத்து, கட்டையில் விரல் படும்போது உரிய துண்டை ஒலிக்கச் செய்யும் ஏற்பாடாகும். சுருங்கச் சொன்னால், பாடகரைச் சுரம் சுரமாக நறுக்கி ஊறுகாய் போடும் கலை. இதன் பாட்டனாகிய மெல்லோட்ரான் 1963இல் இங்கிலாந்தில் பிறந்தபோது ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடா இருந்தது. அது ஏறத்தாழ 8 விநாடிகளில் தீர்ந்துவிடுமாதலால், அக்கருவிக்கும் மனிதரைப் போலவே மூச்சு முட்டியது. பேரனாகிய யமஹாவின் வோக்கலாய்ட் 2004இல் விற்பனைக்கு வந்து, தட்டச்சுச் செய்த சொற்களையே பாடத் தொடங்கியது. மூச்சுத் தொல்லையும் ஒழிந்தது.

இக்கருவியின் பெருமையை இலங்கையின் மன்னார்க் கூத்துக் கொட்டகையில் நிறுத்திப் பார்ப்பதே முறை. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு வழியாக வழங்கும் இப்பகுதி நாட்டுக்கூத்தில், நடிகர் பாடிய அடியைத் திரும்பப் பாடுவோர் பிற்பாட்டுக்காரர் எனப்படுவர். மென்கருவி இப்பதவிக்கு விண்ணப்பித்தால் தகுதிக்குக் குறைவில்லை: விடிய விடியப் பாடினாலும் தேத்தண்ணி கேட்காது, வாடைக் காற்றுக்குத் தொண்டை கட்டாது, அடுத்த முறை ராசா வேடம் தனக்கே வேண்டுமென்று, கூத்துப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியாரிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாது. குறை ஒன்றே: வோக்கலாய்டின் மொழிகளுள் ஜப்பானியம், ஆங்கிலம், ஸ்பானியம், கொரியம், சீனம் உண்டு, தமிழ் இல்லை. ஆங்கில ஒலிகளை ஒட்டுப்போட்டுத் தமிழ் பாடுவிக்க முனைவோருக்கு 'வாழ்க' என்பது 'வால்க' என்றே கிடைக்கும். எனினும் அதை எள்ளுமுன், வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றே கேட்டு வாங்கும் உள்ளூர்ச் சந்தையையும் நினைப்பது நீதியாகும்.

தமிழ்க் குரலை மன்னாரிலேயே பதியலாமெனின், அதற்கு முதலில் நிசப்தம் வேண்டும். மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனிக் காற்றாலையின் 30 கோபுரங்களை நட்டவர்கள் இடமறிந்தே நட்டனர். சோழகம் வீசும் மாதங்களில் ஒலிவாங்கி பாடகரை விட்டுவிட்டுக் காற்றையே பதியும். காற்று ஓய்ந்த நாளிலோ, நகர வீதிகளில் உரிமையோடு உலவும் கழுதைகளுள் ஒன்று, கேளாமலே மேல் ஸட்ஜத்தை வழங்கிவிட்டுப் போகும். கரைவலை இழுப்போரின் அம்பாப்பாட்டைப் பதிவதில் சிக்கல் வேறு: அதன் ஓங்கல் வலையின் பாரத்தோடு ஏறியிறங்குவதாகையால், மெல்லிய சுரத்துக்கு வெறும் வலையும் உச்சச் சுரத்துக்கு மீன் நிறைந்த வலையுமாக ஏற்பாடு செய்யவேண்டியிருக்கும்.

இத்தனை சிக்கலிருந்தும் பதிவைத் தவிர்க்க வழியில்லை. 2024இல் 'லால் சலாம்' படப்பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை, அவர்தம் குடும்பத்தாரின் இசைவோடு, இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மானால் செயற்கை நுண்ணறிவு கொண்டு மீட்டெடுக்க முடிந்ததுகூட, அவர்கள் வாழ்ந்த காலத்திலேயே பாடிப் பதிந்து வைத்திருந்தமையால்தான். ஆகவே மென்கருவிக்குக் காசு சேர்ப்போர், அதற்குமுன் தம்மூர் முதிய அண்ணாவியாரின் பாட்டைக் கைபேசியிலேனும் பதிந்துகொள்க. இடையில் கழுதை கத்தினால் கத்தட்டும், அழிக்க வேண்டாம்.