மேடைச் சோடாவின் மாத்திரை

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால். கண்ணிமையையும் கைந்நொடியையும் அளவுகோலாக வைத்து இவ்வளவு நுட்பமாகக் கணக்குப் பார்த்த தொல்காப்பியர், பொதுக்கூட்டப் பேச்சாளர் சோடா குடிக்கும் நேரத்துக்கு மாத்திரை வகுக்காமல் போய்விட்டார். குறை அவருடையதன்று, கோலி சோடா பாட்டிலுக்கு ஹிராம் காட் காப்புரிமை பெற்றதே 1872இல்தான். விடுபட்ட அந்த நூற்பாவின் இடத்தை நிரப்ப முயல்கிறது இவ்வாய்வு. மேடையில் சோடா தாகத்துக்காகக் குடிக்கப்படுவதில்லை, பேச்சின் வேகத்தை ஆளும் நிறுத்தமாகவே குடிக்கப்படுகிறது என்பது நம் துணிபு.

முதற்சான்று, அது வரும் இடம். தாகம் உடம்பின் விவகாரமானால் வாக்கியத்தின் நடுவிலும் வரவேண்டும். மேடையிலோ அது ஒழுங்காக இரண்டே இடங்களில் வருகிறது: கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலைத் தொடங்காத இடம், எதிரணித் தலைவரின் பெயர் நுனிநாக்கில் நிற்கும் இடம். "அந்தப் பணம் எங்கே போயிற்று?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டிலை எடுக்கிறார். ஏழெட்டு மாத்திரைக்குள் கூட்டம் தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. அது பெரும்பாலும் பேச்சாளரிடம் உள்ள பதிலைவிடக் காரமானது. அவதூறு வழக்கிலும் அகப்படாதது. குடிப்பதோ ஒரு மிடறுதான். மீதி, இனி வரும் கேள்விகளுக்கான கையிருப்பு.

தொண்டை வறளாதா என்று கேட்கலாம். வறளும், அதற்குத் தண்ணீர் போதுமே. கரியமில வாயுவை அடைத்த பானம் ஏப்பத்தைத்தான் தரும், பேச்சாளருக்கு அதைவிடப் பெரிய பகை வேறில்லை. இருந்தும் சோடா விரும்பப்பட்டதற்குக் காரணம் அதை உடைக்கும்போது எழும் ஓசை. வாயுவின் அழுத்தத்தால் ரப்பர் வளையத்தோடு ஒட்டி நிற்கும் கோலி உள்ளே இறங்கும் சத்தம், மைக் வழியாகத் தெருக்கோடிவரை போய், விஷயம் இனிமேல்தான் என்று அறிவிக்கிறது. தண்ணீருக்கு அந்த நாவன்மை கிடையாது.

நிறுத்தாமல் மடமடவென்று பொழிபவர்தானே வல்லவர் என்பது அடுத்த மறுப்பு. இதற்கு ஒலியியல் விடை சொல்கிறது. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். தெருநெடுகக் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகளில் ஒன்றின் அடியில் நிற்பவருக்கு, 170 மீட்டர் தள்ளியிருக்கும் இன்னொன்றின் ஓசை அரை வினாடி பிந்தி விழுகிறது. அவசரமாக அடுக்குமொழி அடுக்கினால் முந்திய அடுக்கும் பிந்திய அடுக்கும் அவர் காதில் முட்டிக்கொள்ளும். மிடறு குடிப்பவரோ கடைசிக் கூம்பும் பேசி முடித்த பிறகே வாய் திறக்கிறார். வெறுங்கையோடு மௌனமாக நின்றால் மறந்துவிட்டாரென்று சந்தேகிப்பார்கள், உண்மைதான். பாட்டிலோடு நிற்பவரை யாரும் சந்தேகிப்பதில்லை, மறந்தே போயிருந்தாலும்.

தொலைக்காட்சி விவாதத்துக்கு இவ்விதி பொருந்தாது. அங்கே ஒரு மிடறு குடித்தால் வாக்கியத்தை அடுத்தவர் கொண்டுபோய்விடுவார். அது பேச்சுக்கலையின்பாற் படாததால் இங்கே ஆராயப்படவில்லை. கூட்ட ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு: செலவுக் கணக்கில் சோடாவை இனிக் குடிநீரோடு சேர்க்காமல் மைக் செட்டோடு சேர்த்து எழுதுங்கள்.