காட்டின் இறுதிச் சரக்கிருப்பு

காடு ஒரே சமயத்தில் கிடங்கும் ஆலையுமாக இருக்கிறது. காட்டுப் பொருளாதாரத்தின் சிக்கல் அத்தனையும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. நெல்லை அறுத்தால் வயல் மிஞ்சும். மரத்தை அறுத்தால், ஆண்டுதோறும் புது மரத்தை விளைவித்துக்கொண்டிருந்த அந்த மரமே போய்விடும். ஆண்டு வளர்ச்சியின் அளவுக்கு வெட்டினால் அது வருமானம், அதைத் தாண்டினால் முதலைக் கரைப்பது. வெட்டிக் கிடக்கும் கட்டையைப் புரட்டிப் பார்த்து இது வட்டியா முதலா என்று யாராலும் சொல்ல முடியாது. கணக்கு எழுதுகிறவர் எந்தப் பக்கம் எழுதுகிறாரோ அதுதான்.

எழுதுகிற கையும் மரம் தூக்குகிற கையும் கொச்சி மட்டாஞ்சேரி ஜூ டவுனில் மார்ச் மாதக் கடைசியில் ஒரே மேசையில் சந்திப்பது உண்டு. ஒருவர் ஆடிட்டர், பாலக்காட்டுத் தமிழர். வட்டி விகிதம் தெரியாமல் எந்தப் பொருளையும் ஏறெடுத்துப் பார்க்காதவர். மற்றவர் பழைய மரம் விற்கும் திருநெல்வேலி அண்ணாச்சி. இடித்த வீடுகளின் நிலை, கதவு, உத்திரம், பத்தாயம் எல்லாம் அவர் கடைக்கு வரும். தூணில் உளியால் ஒரு சுருள் சீவி மூக்கருகே கொண்டுபோனாலே போதும், காட்டுத் தேக்கா தோட்டத் தேக்கா என்று சொல்லிவிடுவார். ஆண்டுக் கணக்கை முடிக்கத்தான் உட்காருகிறார்கள். பேச்சு காட்டுக்குள் போய்விடுகிறது.

ஆடிட்டர்: தேக்கை எப்போ வெட்டணும், சொல்லுங்கோ பாப்போம்.

அண்ணாச்சி: வைரம் பாஞ்ச பொறவு.

ஆடிட்டர்: அது ஆசாரி சொல்ற பதில். 1849-லேயே மார்ட்டின் ஃபாஸ்ட்மான்னு ஒரு ஜெர்மன்காரர் சூத்திரம் போட்டுட்டார். மரத்தை இன்னும் ஒரு வருஷம் விட்டு வெச்சா எவ்வளவு மதிப்பு கூடும்? இன்னிக்கே வித்துப் பணத்தைப் பேங்க்ல போட்டா எவ்வளவு வட்டி வரும்? காலி ஆற நிலத்துக்கு வாடகை எவ்வளவு? மரத்தோட வளர்ச்சி பின்னது ரெண்டையும் கூட்டினதுக்குக் கீழே போன அன்னிக்குக் கோடாலியை எடுத்துடணும்.

அண்ணாச்சி: அப்ப மரம் வளருதது மழையில இல்ல, பேங்க் போர்டுல.

கூட்டல் கழித்தல் என்று பார்த்தால் சூத்திரத்தில் பிழை கிடையாது. அதற்குள் போடுகிற வட்டிதான் ஆளை விழுங்கும். கேரள வனத்துறைத் தோட்டங்களில் தேக்கை 50, 60 ஆண்டுகள் வளர்த்து வெட்டுவது வழக்கம். 60 ஆண்டு கழித்து 1 லட்சம் ரூபாய்க்குப் போகும் மரத்துக்கு 4 சதவீத வட்டியில் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 9,500 ரூபாய். வட்டியை 8 சதவீதம் ஆக்கினால் 1,000 ரூபாய்கூடத் தேறாது. மரமும் அதேதான், மழையும் அதேதான். பிறக்காத பேரனின் பங்கை ஒரு சதவீதக் குறி பத்தில் ஒன்றாகச் சுருக்கிவிடுகிறது. மலபார் கலெக்டர் கனோலியும் அவருக்குக் கீழே வேலை பார்த்த சாத்து மேனோனும் 1840-களில் நிலம்பூரில் தேக்கு நட்டபோது ஃபாஸ்ட்மான் சூத்திரம் அச்சாகியிருக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் ஒரு பகுதி இன்னும் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

அண்ணாச்சி: பறம்பிக்குளத்துல கன்னிமாரா தேக்குன்னு ஒண்ணு நிக்கி. 450 வருசத்துக்கு மேலன்னு சொல்லுதாங்க. ஆளுங்க கைகோத்துச் சுத்தி நின்னாத்தான் பிடிபடும். உங்க சூத்திரப்படி அது என்ன சார்?

ஆடிட்டர்: பெரிய நஷ்டம். அன்னிக்கு அந்தக் கன்னுக்குப் பதிலா 1 ரூபாயை 8 பெர்சென்ட்ல போட்டிருந்தா இன்னிக்கு கிட்டத்தட்ட 11 கோடி கோடி ரூபாய்.

அண்ணாச்சி: எந்த பேங்க்ல போடணும்? பாலா சென்ட்ரல் பேங்க்லயா? அது 1960-லயே இழுத்து மூடியாச்சு. தேக்கு நிக்கி.

கொச்சி சமஸ்தானம் இந்தப் பொருளாதாரத்தை இரும்பிலேயே செய்து பார்த்தது. பறம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டருக்குப் போட்ட வன டிராம்வே 1907-ல் ஓடத் தொடங்கியது. 1902-ல் வந்த ஷொறணூர்–கொச்சி ரயிலுக்குச் சாலக்குடியில் மரம் மாற்றி ஏற்றப்பட்டது. செங்குத்தான சரிவுகளில் எஞ்சினுக்கு வேலை இல்லை. வடத்தின் ஒரு முனையில் தேக்கும் ஈட்டியும் ஏற்றிய வண்டி இறங்கும். அந்தக் கனமே மறுமுனையில் இருக்கும் காலி வண்டியை மேலே இழுத்துவிடும்.

ஆடிட்டர்: பாத்தேளா! எரிபொருள் செலவே இல்லாம ஏத்தம்.

அண்ணாச்சி: ஏறிப் போனது பூராவும் காலி வண்டிதான, சார்.

பதிலுக்கு எதுவுமே நடவில்லை என்று சொல்ல முடியாது. பறம்பிக்குளத்தில் தேக்குத் தோட்டங்கள் இன்றும் இருக்கின்றன. நூறு வகை மரம் நின்ற இடத்தில் ஒரே வகை நின்றது என்பதுதான் வித்தியாசம். அதைவிட விபரீதம் தண்டவாளத்தில் இருந்தது. பாதைக்குப் போட்ட பணத்தை மீட்க வேண்டுமானால் தினமும் மரம் இறங்கியாக வேண்டும். மரத்துக்காக வந்த டிராமுக்காகப் பிறகு மரம் விழ வேண்டியிருந்தது. லாரிச் சாலைகள் வந்த காலத்தில், 1963-ல், டிராம்வே மூடப்பட்டது.

ரயில் வந்த கதை வேறு மாதிரி. அதற்குப் பணம் போதாமல் மகாராஜா ராமவர்மா திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று கொச்சியில் எல்லோரும் சொல்வார்கள். தீர்ந்துபோகும் வளத்தை விற்ற பணத்தை வேறொரு முதலாக மாற்றி வைக்க வேண்டும் என்று பொருளாதார அறிஞர் ஜான் ஹார்ட்விக் 1977-ல் எழுதிய விதிக்கு மகாராஜா முக்கால் நூற்றாண்டு முன்பே கட்டுப்பட்டிருக்கிறார்.

அண்ணாச்சி: பட்டம் போச்சு, ரயில் வந்துச்சு. சரி. மரம் வித்த காசு எங்க போச்சு?

ஆடிட்டர்: சமஸ்தான வருமானத்துல சேர்ந்தது. சம்பளம், ரோடு, அரண்மனை.

அண்ணாச்சி: ரோட்ட ஒத்துக்கிடுதேன். மத்தது?

ஆடிட்டர்: அண்ணாச்சி, நாம உக்காந்தது உங்க கணக்குக்கு. க்ளோசிங் ஸ்டாக் எங்கே? உங்க கடையில நிக்கற மூணு தூணு பில்லுலயும் இல்லை, இருப்புலயும் இல்லை. வருஷக் கடைசியில கடையில என்ன மிச்சம் இருக்குன்னு காட்டாம லாபம் போட முடியாது. அடக்க விலை, சந்தை விலை, எது கம்மியோ அதை எழுதணும். இருப்பை மறைச்சா வருமான வரிக்காரன் விடமாட்டான்.

அண்ணாச்சி: மூணு தூணுக்கு இம்புட்டு சட்டம் பேசுதீங்க. காட்டுக்கு க்ளோசிங் ஸ்டாக் எழுதினது யாரு?

ஆடிட்டர் பேனாவை மூடிவைக்கும் அபூர்வ சந்தர்ப்பங்களில் இது ஒன்று. அரசுக் கணக்கு ரொக்கக் கணக்கு. டிப்போவில் மரம் ஏலம் போன பணம் வரவு, வெட்டுக்கூலியும் வண்டிக்கூலியும் செலவு, மீதி ஆதாயம். நிற்கிற மரம் எந்தப் பத்தியிலும் வராது. ஆகவே அது விழுந்தாலும் எந்தப் பத்தியும் குறையாது. நாட்டு வருமானக் கணக்கும் நெடுங்காலம் இப்படித்தான் ஓடியது. பசுமைக் கணக்கு முறை பற்றிப் பொருளாதார அறிஞர் பார்த்தா தாஸ்குப்தா தலைமையிலான குழு இந்திய அரசுக்கு அறிக்கை கொடுத்தது 2013-ல். பறம்பிக்குளத்து வண்டிகள் நின்று அதற்குள் 50 ஆண்டு ஆகியிருந்தது.

இருப்பே எழுதாத சரக்குக்கு எந்த விலையும் சரியாகத்தான் தெரியும். கோழிக்கோடு பக்கம் மாவூரில் வந்த குவாலியர் ரேயான்ஸ் ஆலைக்கு, 1958-ல் போட்ட ஒப்பந்தப்படி, காட்டு மூங்கில் டன்னுக்கு 1 ரூபாய். கர்நாடகத்தில் காகித ஆலைக்கு டன் 1.50 ரூபாய்க்குப் போன மூங்கில், பெங்களூர்ச் சந்தையில் 3,000 ரூபாய்க்கு மேல் விற்றது என்று சூழலியலாளர் மாதவ் காட்கில் எழுதியிருக்கிறார். கூடை முடைகிறவர் சந்தை விலை கொடுத்தார்.

ஆடிட்டர்: தொழில் வளரணும், வேலை வரணும். மூலப்பொருளுக்குச் சலுகை கொடுத்தாத்தானே ஆலை வரும்?

அண்ணாச்சி: டன்னு 1 ரூவாய்ங்கிறது விலையில்ல, சார். தராசுக்கு வாடகை.

விலை குறைவு என்றால் நஷ்டம் கஜானாவுக்கு மட்டும் என்று நினைப்பது பாதிக் கணக்கு. 1 ரூபாய்ப் பொருளை யாரும் பேணிக் காக்க மாட்டார்கள். மூங்கில் அடுத்த ஆண்டும் துளிர்க்கிற மாதிரி வெட்டக் கூலி அதிகம், மொட்டையடிக்கக் கூலி குறைவு. பக்கத்துக் காடு தீர்ந்தால் அடுத்த காடு. பிறகு மூங்கிலுக்குப் பதில் யூகலிப்டஸ் நட, இருந்த காட்டையே வெட்டினார்கள். மாவூர் ஆலையில் உற்பத்தி 1999-ல் நின்றது.

ஆடிட்டர்: பழசையே சொல்லிண்டிருக்கேளே. 1988 வனக் கொள்கையே காடு வருமானத்துக்கு இல்லைன்னு சொல்லிடுத்து. 1996-ல சுப்ரீம் கோர்ட்டே கோடாலியைப் பிடிச்சு நிறுத்தியாச்சு.

நிறுத்தக் காரணமான வழக்கைப் போட்டவர் நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு; கூடலூர்க் காடு வெட்டப்படுவதைப் பார்த்து 1995-ல் வழக்குத் தொடுத்தார். அது பல ஆண்டுகள் கிளைவிட்டு வளர்ந்தது. அதன் ஒரு கிளைதான் காட்டுக்கு நிகர இன்றைய மதிப்பு போடும் ஏற்பாடு. காட்டு நிலத்தைச் சுரங்கத்துக்கோ அணைக்கோ எடுப்பவர், மரம், விறகு, தீவனம், கார்பன், நீர், பல்லுயிர் எல்லாவற்றுக்கும் சேர்த்து விலை கட்ட வேண்டும். பொருளாதார அறிஞர் காஞ்சன் சோப்ரா தலைமையிலான குழு வழிமுறை வகுத்தது. 2008-ல் நீதிமன்றம் ஏற்ற விலை, காட்டின் வகையைப் பொறுத்து ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை. காட்டுக்கு ஒரு விலைச்சீட்டு வந்தது. அது முன்னேற்றம்தான். பூஜ்யத்தைவிட எந்த எண்ணும் மேல்.

ஆடிட்டர்: ஹெக்டேருக்கு 10 லட்சத்துக்கு மேலே! சும்மாவா?

அண்ணாச்சி: சதுர அடிக்கு என்ன வருது?

ஆடிட்டர்: (கால்குலேட்டரைத் தட்டி) …9 ரூபாய் 69 பைசா.

அண்ணாச்சி: யானை, ஆறு, கார்பன் எல்லாம் சேத்தா?

ஆடிட்டர்: எல்லாம் சேர்த்து. 2022-ல ஏத்தியிருக்கா. அதுப்படி உச்ச விலை சதுர அடி 15 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே.

அண்ணாச்சி: அந்தக் காசுக்கு ஜூ டவுன்ல நடைபாதையில சைக்கிள நிறுத்த விடமாட்டான்.

வெட்டுவதை நிறுத்தியதால் மரத் தேவை நின்றுவிடவில்லை, இடம் மாறியது. பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவிலிருந்தும் தேக்கு வருகிறது. நம் காட்டுக்குப் பூட்டு, அடுத்தவன் காட்டுக்குக் கொள்முதல் ஆணை.

தேவையின் இன்னொரு பங்கு அண்ணாச்சி கடைக்கு வந்தது. அவருடைய காடு, தறவாடு என்கிற கூட்டுக் குடும்ப வீடு. கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறையை ஒழித்த 1975-ஆம் ஆண்டுச் சட்டம் 1976 டிசம்பரில் அமலுக்கு வந்தது. பாகம் பிரிந்த வீடுகள் பல பின்னர் இடிபட்டன. கதவும் தூணும் மட்டாஞ்சேரிக்கு வந்தன. இந்தக் காட்டில் மறு நடவு கிடையாது. நூறு வருடத் தறவாட்டை இனி யாரும் கட்டப்போவதில்லை.

ஆடிட்டர்: அந்த மூணு தூணுக்கு வருவோம். ஏன் மூணு வருஷமா விக்கலை?

அண்ணாச்சி: வருசா வருசம் பேங்க் வட்டிக்கு மேல விலை ஏறுது. எதுக்கு விக்கணும்? என்னைக்கு ஏத்தம் வட்டிக்குக் கீழ எறங்குதோ அன்னைக்குத் தள்ளிவிட்டுருவேன்.

ஆடிட்டர்: அடடா! இதைத்தானே ஹோட்டலிங்னு ஒரு பொருளாதார நிபுணர் 1931-ல எழுதினார். தீர்ந்துபோற சரக்கோட விலை வட்டி வேகத்துலதான் ஏறணும்னு. எங்கே படிச்சேள்?

அண்ணாச்சி: தீந்துபோகும்னு தெரிஞ்சவனுக்கு எதுக்கு சார் படிப்பு? சர்க்காரு தீராதுன்னு நெனைச்சுக்கிட்டு வித்துச்சு.

இருவருக்கும் பொதுவான இடம் ஒன்று உண்டு: 1990-களின் தேக்குத் திட்டங்கள். சில ஆயிரம் கட்டினால் 20 ஆண்டில் லட்சங்கள் என்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பக்கம் பக்கமாக விளம்பரம் வந்தது. மரம் ஏட்டில் வளர்ந்த வேகத்துக்கு மண்ணில் வளரவில்லை. நிறுவனங்கள் கவிழ்ந்தன, செபி 1999-ல் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதி கொண்டுவந்தது. கட்டியவர்களில் பெரும்பாலோர் கணக்குத் தெரிந்த நடுத்தர வர்க்கத்தார்.

ஆடிட்டர் பையைத் துழாவி மஞ்சளேறிய ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டுகிறார். பச்சை மையில் தேக்கிலை, கீழே தங்க முத்திரை.

ஆடிட்டர்: கம்பெனி இல்லை, ஆபீஸ் இல்லை. இதுக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

அண்ணாச்சி: (வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து) செல்லு அரிக்கல. பழைய தேக்குல ஒரு ஃபிரேம் போட்டா வெள்ளக்காரன் வாங்குவான், சார். க்ளோசிங் ஸ்டாக்ல எழுதிக்கிடுங்க. அடக்க விலைக்கு வேண்டாம்.