முன்னே இரண்டு, பின்னே இரண்டு, நடுவே ஒரு பித்தளைக் கட்டை

அமெரிக்காவில் பழைய கார் வைத்திருக்கும் வாசகர்கள் பேசி வைத்துக்கொண்டது போல இந்த முறை பிரேக்கைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். பெயிண்ட்டையும் குரோமையும் விட்டுவிட்டு முதலில் பிரேக்கைக் கேட்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆகவே இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: ஹூஸ்டனில் 1968 செவ்ரோலே செவல் ஒன்று வாங்கினேன். நான்கு சக்கரத்திலும் டிரம். முன்னால் டிஸ்க் மாட்டலாம் என்று கிட் வாங்கினால், காலிப்பர், டிஸ்க், மாஸ்டர் சிலிண்டரோடு உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பித்தளைக் கட்டையும் இருக்கிறது. சுற்றிலும் குழாய் மாட்டும் வாய்கள், நடுவில் ஒயர் செருக ஒரு முளை, ஒரு முனையில் ரப்பர் மூக்கு. இது இல்லாமல் மாட்ட முடியாதா?

பதில்: மாட்டலாம். வண்டியும் நிற்கும். எந்தத் திசையைப் பார்த்து நிற்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்ல முடியாது.

அதன் பெயர் காம்பினேஷன் வால்வு. மூன்று வேலைகளை ஒரே கட்டைக்குள் அடைத்திருக்கிறார்கள். ரப்பர் மூக்குக்குப் பின்னால் இருப்பது மீட்டரிங் வால்வு. முன் டிஸ்க்கைக் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கச் சொல்லும். மறுமுனையில் ப்ரொபோர்ஷனிங் வால்வு. பின் டிரம்முக்குப் போகும் அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால் அதை மட்டுப்படுத்தும். நடுவில் இருப்பது விளக்கு சுவிட்ச். முன் லைனிலோ பின் லைனிலோ ஆயில் போய்விட்டால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கை எரிய வைக்கும்.

உங்கள் செவல் வெளிவந்த காலத்தில் டிஸ்க் பிரேக் கேட்டு வாங்கியவர்களுக்கு இவற்றைத் தனித்தனியாகத்தான் மாட்டிக் கொடுத்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே பித்தளையில் வார்த்தார்கள். நாலு டிரம் வண்டியான உங்களுடையதிலும் இப்போது ஒரு சின்னக் கட்டை இருக்கும். அதைப் பார்த்து, ‘நம்மிடம்தான் ஏற்கெனவே இருக்கிறதே’ என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குள் இருப்பது விளக்கு சுவிட்ச் மட்டும்தான். ஆயிலைப் பிரித்து அனுப்பும், அழுத்தத்தைத் தொடாது.

கேள்வி: நாலு சக்கரமும் சமமாகப் பிடித்தால்தானே வண்டி சீக்கிரம் நிற்கும்? பின் பிரேக்கை ஏன் வேண்டுமென்றே குறைக்க வேண்டும்?

பதில்: நாலு சக்கரமும் சமமான பாரத்தைச் சுமந்தால் நீங்கள் சொல்வது சரி. பிரேக் பிடித்த நொடியிலேயே அந்தச் சமம் போய்விடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வண்டி 1500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது முன் அச்சில் 825, பின் அச்சில் 675. செவல் இரண்டு கதவு மாடலுக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 112 அங்குலம், அதாவது 2.845 மீட்டர். வண்டியின் பாரமையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். உலர்ந்த சாலையில் 0.8 ஜி அளவுக்கு அழுத்திப் பிடித்தால், 1500-ஐ 0.8-ஆலும் 0.55-ஆலும் பெருக்கி 2.845-ஆல் வகுக்க வேண்டும். விடை 232 கிலோ. இத்தனை பாரம் பின்னாலிருந்து முன்னால் போய்விடுகிறது. இப்போது முன்னால் 1057, பின்னால் 443. பாரம் குறைந்த டயருக்கு ரோட்டில் பிடியும் குறைவு. அதன் மேல் அதே பழைய அழுத்தத்தைக் கொடுத்தால் சக்கரம் சுழல்வதை விட்டுவிட்டு லாக் ஆகிவிடும்.

சைக்கிளில் வேகமாகப் போய்ப் பின் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தவர்களுக்குத் தெரியும், பின் டயர் தரையைத் தேய்த்துக்கொண்டே பக்கவாட்டில் விலகி ஓடும். காரிலும் அதேதான், எடை மட்டும் ஒன்றரை டன். முன் சக்கரங்கள் முதலில் லாக் ஆனால் ஸ்டீயரிங் கேட்காது, ஆனால் வண்டி நேராகப் போகும். காலைக் கொஞ்சம் எடுத்தால் மறுபடி உங்கள் பேச்சைக் கேட்கும். பின் சக்கரங்கள் முதலில் லாக் ஆனால் பின்புறம் முன்னால் வரப் பார்க்கும். வண்டி பம்பரமாகச் சுற்றத் தொடங்கிய பிறகு காலை எடுப்பதற்கும் நேரம் இருக்காது. ஆகவே முன் சக்கரம்தான் முதலில் லாக் ஆக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

கேள்வி: அப்படியானால் நாலும் டிரம்மாக இருந்த காலத்தில் இந்த வால்வே இல்லாமல் எப்படி ஓடியது?

பதில்: அருமையான கேள்வி. இந்த விஷயத்தின் அடிவேரே இதில்தான் இருக்கிறது.

டிரம்முக்குள் ஷூ உரசத் தொடங்கியதும், சுழலும் டிரம்மே அந்த ஷூவை இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். முன்னாலும் பின்னாலும் டிரம் என்றால் இரண்டுக்கும் இந்தக் குணம் உண்டு. வீல் சிலிண்டரின் விட்டத்தையும் லைனிங்கின் அகலத்தையும் முன்னால் பெரிதாக, பின்னால் சிறிதாக வைத்தே கணக்கைச் சரிசெய்துவிட்டார்கள்.

டிஸ்க்குக்கு அந்தச் சுய இழுவை கிடையாது. நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான் பிடிக்கும். முன்னால் டிஸ்க் மாட்டிய பிறகு அதே அளவு வண்டியை நிறுத்த லைனில் முன்பைவிட அதிக அழுத்தம் தேவைப்படுகிறது. டிஸ்க்குக்காக ஏற்றிய அந்த அழுத்தம் முழுசும் பின் டிரம்முக்கும் போகும். அதுவோ கொடுத்ததைப் பெருக்கிக்கொள்கிற ஜாதி. உடனே லாக். ப்ரொபோர்ஷனிங் வால்வு இந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது.

கேள்வி: பாதியாகக் குறைக்குமா, கால்வாசியாகக் குறைக்குமா?

பதில்: தொடக்கத்தில் ஒன்றும் குறைக்காது. உதாரணமாக 500 பிஎஸ்ஐ வரை முன்னும் பின்னும் ஒரே அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாண்டியதும் உள்ளே இருக்கும் சின்ன பிஸ்டன் ஸ்பிரிங்கை எதிர்த்து நகர்ந்து, மேலே ஏறுகிற அழுத்தத்தில் ஒரு பங்கை மட்டும் பின்னால் விடும். அந்தப் பங்கு 43 சதவீதம் என்றால், முன்னால் 1000 பிஎஸ்ஐ இருக்கும்போது பின்னால் 500-ம், மீதி 500-இல் 43 சதவீதமான 215-ம் சேர்ந்து 715. லேசாகப் பிடிக்கும்போது பின் பிரேக் முழு வேலையும் செய்கிறது; காலை ஊன்றி அழுத்தும்போதுதான் அடக்கப்படுகிறது. பாரம் முன்னால் போவதும் அப்போதுதானே!

கேள்வி: முன்னால் அனுப்புவதைத் தாமதப்படுத்த இன்னொரு வால்வு எதற்கு? முன் பிரேக்தான் முக்கியம் என்கிறீர்கள், பிறகு அதையே நிறுத்தி வைக்கிறீர்களே!

பதில்: நிறுத்தி வைப்பது கண் இமைக்கும் நேரம்தான். டிஸ்க் பேடு டிஸ்க்கை ஒட்டியே நிற்கும், தொட்டதும் பிடிக்கும். பின்னால் ஷூவை உள்பக்கம் இழுத்து வைத்திருக்கும் கனத்த ஸ்பிரிங்குகளை வென்ற பிறகுதான் ஷூ டிரம்மைத் தொடும். மீட்டரிங் வால்வு ஏறத்தாழ 100 பிஎஸ்ஐ வரும்வரை முன் லைனை மூடி வைத்து, பின் ஷூ கிளம்பி வந்து சேர நேரம் கொடுக்கிறது. இல்லாவிட்டால் லேசாகக் கால் வைக்கும்போதெல்லாம் முன் டிஸ்க் மட்டுமே வேலை செய்து பேடு சீக்கிரம் தேயும். வழுக்கும் சாலையில் முன் சக்கரம் தனியாக வழுக்கும்.

பெடலை ஒருவர் அழுத்த, நீங்கள் பானெட்டுக்குள் குனிந்து அந்த ரப்பர் மூக்கைப் பாருங்கள். உள்ளிருக்கும் ஊசி துளியூண்டு அசையும். அசைந்தால் வால்வு உயிரோடு இருக்கிறது. மூக்கில் ஈரம் கசிந்தால் மாற்றிவிடுங்கள்.

இதனால் ஒரு தொல்லையும் உண்டு. குறைந்த அழுத்த மெஷின் வைத்து ஏர் எடுப்பவர்களுக்கு (லைனில் தங்கிய காற்றை வெளியேற்றுபவர்களுக்கு) முன் சக்கரத்தில் ஆயிலே வராது. வால்வு மூடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சில வால்வுகளில் அந்த ஊசியை உள்ளே அழுத்தியும், சிலவற்றில் வெளியே இழுத்தும் பிடித்துக்கொள்ள வேண்டும். பெடலை மிதித்தே ஏர் எடுத்தால் இந்தச் சிரமம் இல்லை.

கேள்வி: ஏர் எடுத்து முடித்தேன். பிரேக் பிரமாதம். சிவப்பு விளக்கு மட்டும் அணைய மறுக்கிறது. ஒயரைப் பிடுங்கிவிடட்டுமா?

பதில்: ஐயோ, வேண்டாம்! அந்த ஒயருக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. முன்பெல்லாம் பெரும்பாலான கார்களில் ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போச்சு. 1967 மாடல்களில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி சர்க்யூட் அமெரிக்கா முழுக்க வழக்கத்துக்கு வந்தது. 1968 ஜனவரி 1 முதல் அந்நாட்டு அரசின் பாதுகாப்பு விதியும் வந்தது. ஒரு பாதி செத்தால் மறுபாதி வண்டியை நிறுத்தும். ஆனால் பாதி செத்தது ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் விளக்கு.

கட்டையின் நடுவில் ஒரு சின்ன பிஸ்டன், முன் லைன், பின் லைன் என இரண்டு பக்கமும் சம அழுத்தம் இருக்கும்வரை நடுவிலேயே நிற்கும். ஏர் எடுக்க ஒரு பக்கத்து நிப்பிளைத் திறந்தபோது அந்தப் பக்கம் அழுத்தம் விழுந்தது, பிஸ்டன் அங்கே நகர்ந்து சுவிட்சைத் தொட்டுவிட்டது. பல வால்வுகளில் பெடலை ஒரு தடவை பலமாக மிதித்தால் தானாக நடுவுக்கு வரும். வராவிட்டால், கடைசியாக எந்தப் பக்கம் ஏர் எடுத்தீர்களோ அதற்கு எதிர்ப்பக்க நிப்பிளை லேசாகத் திறந்து, சாவியை ஆன் செய்து, பெடலை மெல்ல மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். விளக்கு அணைந்த கணமே அழுத்துவதை நிறுத்தி நிப்பிளை மூடுங்கள். அடுத்த தடவை சுவிட்சைக் கழற்றி, பிஸ்டனை நடுவில் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் முளையைத் திருகிவிட்டு ஏர் எடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எரிந்தால் விளக்கு உண்மையைத்தான் சொல்கிறது. ஹோஸ் மூட்டுகளையும் பின் வீல் சிலிண்டரின் ரப்பரையும் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: வால்வும் மாட்டியாச்சு, டிஸ்க்கும் மாட்டியாச்சு. பெடல் மட்டும் கல் மாதிரி இருக்கிறது. வால்வு கெட்டதா?

பதில்: வால்வு பாவம். அது இருக்கிற அழுத்தத்தைப் பங்கிடும், இல்லாத அழுத்தத்தை உண்டாக்காது.

காலால் 30 கிலோ அழுத்துகிறீர்கள், பெடலின் நெம்புகோல் அதை ஆறு மடங்காக்குகிறது, 180 கிலோ. மாஸ்டர் சிலிண்டர் 1 அங்குல விட்டம் என்றால் சுமார் 505 பிஎஸ்ஐ. 7/8 அங்குலம் என்றால் 660. 1 1/8 அங்குலம் என்றால் 400-தான். பூஸ்டர் இல்லாத வண்டியில் பெரிய மாஸ்டர் சிலிண்டர் மாட்டினால் பெடல் கல்தான். சிறியதை மாட்டினால் அழுத்தம் கூடும், பெடல் கொஞ்சம் அதிகம் இறங்கும். முதலில் இதை முடிவு செய்யுங்கள், அப்புறம் வால்வைப் பாருங்கள்.

கேள்வி: பத்து மைல் ஓட்டினால் முன் சக்கரம் தொட முடியாத சூடு. பேடு விடுபடவே இல்லை.

பதில்: பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரையே வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டிரம்முக்கான வாயில் சுமார் 10 பிஎஸ்ஐ-யை எப்போதும் தேக்கி வைக்கும் ஒரு சின்ன வால்வு இருக்கும். டிரம்மில் ஸ்பிரிங் ஷூவை இழுத்துக்கொள்ளும், பாதகமில்லை. காலிப்பரில் ஸ்பிரிங் ஏது? பேடு உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க் - டிரம் மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுங்கள். அதில் டிஸ்க்குக்கான ஆயில் தொட்டியும் பெரிதாக இருக்கும். பேடு தேயத் தேய அந்த ஆயில் தேவைப்படும்.

கேள்வி: கிட்டில் வந்த வால்வோடு, கையால் திருகுகிற அட்ஜஸ்டபிள் வால்வையும் பின் லைனில் சேர்த்தால் இன்னும் நல்லதுதானே?

பதில்: ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு ப்ரொபோர்ஷனிங் வால்வு வேண்டவே வேண்டாம். முதலாவது குறைத்ததை இரண்டாவது மறுபடி குறைக்கும், பின் பிரேக் பெயருக்குத்தான் இருக்கும். பின்னாலும் டிஸ்க் மாட்டியவர்கள், அகலமான டயரும் வேறு இன்ஜினும் போட்டவர்கள் அட்ஜஸ்டபிளுக்குப் போகலாம். அப்போது காம்பினேஷன் வால்வைக் கழற்றிவிட்டு, விளக்கு சுவிட்ச் மட்டும் உள்ள பழைய கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி எடையிலேயே இருக்கும் வண்டிக்குக் கிட் வால்வே போதும் என்பது என் கட்சி. திருக முடிகிற திருகை யாராவது திருகிக்கொண்டேதான் இருப்பார்கள்.

கேள்வி: 1965 மஸ்டாங். ஒரே சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர். காம்பினேஷன் வால்வு வாங்கட்டுமா?

பதில்: முதலில் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வி: எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கடைசியில் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஆள் நடமாட்டமில்லாத, அகலமான, உலர்ந்த இடம். குறைந்த வேகத்தில் தொடங்கி 30, 40 மைல் வரை. வெளியே ஒருவர் தள்ளி நின்று சக்கரங்களைப் பார்க்கட்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக அழுத்துங்கள். முன் சக்கரம் முதலில் லாக் ஆனால் சரி. பின் சக்கரம் முந்தினால், அட்ஜஸ்டபிள் வைத்திருப்பவர்கள் அழுத்தம் குறையும் திசையில் கொஞ்சம் திருகிவிட்டு மறுபடி பாருங்கள்.

பலர் இத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதே இடத்தில் தண்ணீர் விட்டு இன்னும் மெதுவான வேகத்தில் ஒரு முறை பாருங்கள். ஈரத்தில் சக்கரம் குறைந்த அழுத்தத்திலேயே லாக் ஆகும். ப்ரொபோர்ஷனிங் வால்வு குறைக்கத் தொடங்கும் அளவை அந்த அழுத்தம் எட்டவே எட்டாது, அதாவது வால்வு இருந்தும் இல்லாத நிலை. உலர்ந்த தரையில் ஒழுங்காக இருந்துவிட்டு ஈரத்தில் பின் சக்கரம் முந்துகிறது என்றால், குறையைப் பின் வீல் சிலிண்டரில் தேடுங்கள். 15/16 அங்குலம் இருக்கும் இடத்தில் 7/8 அங்குலம் மாட்டினால் பின் ஷூவைத் தள்ளும் விசை 13 சதவீதம் குறையும், எந்த அழுத்தத்திலும்.