நெய்தல் நிலத்து நீச்சல்குளம்

கடலைக் காட்டி வாடகை வாங்கி, அந்தக் கடலில் யாரும் இறங்கிவிடாதபடி காவலும் போடும் இடத்துக்குக் கடலோரச் சொகுசு விடுதி என்று பெயர். பேச்சு வழக்கில் ரிசார்ட். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை இது செறிந்து காணப்படுகிறது. ஒரு தாய், ஒரு தந்தை, ஒரு பாட்டி, எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவர் ஆகியோர் அங்கே ஓர் இரவு தங்கி மீள்வதே இந்த ஆய்வின் பொருள். தேனிலவுத் தம்பதியரும் அலுவலகக் குழுவினரும் அதே விடுதிக்குத்தான் வருகிறார்கள். ஆனால் அவர்கள் இரவில் தூங்குகிறவர்கள். ஆகவே வேறு இனம்.

குடும்பத்தோடு கடற்கரையில் போய்த் தங்குவது மேலைநாட்டுப் பழக்கம் என்பது பாதிதான் சரி. இங்கிலாந்தில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர், கடல்நீரின் நோய் தீர்க்கும் குணம் பற்றி 1750-இல் இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். கடல்நீரில் குளிக்கச் சொன்னதோடு குடிக்கவும் சொன்னார். பிரைட்டன் என்ற மீனவர் ஊர் செல்வந்தர் ஊரானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. குடிக்கும் முறையை இன்று மூன்று வயதுக்குட்பட்டவர்கள் மட்டுமே கடைப்பிடிக்கிறார்கள். மாமல்லபுரத்திலோ, மாசி மகத்தையொட்டி இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து கடற்கரையில் கழி நட்டு, சேலையும் வேட்டியும் சுற்றிக் குடில் அமைத்து, கன்னியம்மனை வழிபட்டு மணலிலேயே இரவைக் கழிக்கிறார்கள். கல்யாணங்களும் அங்கேயே நடக்கின்றன. எல்லாக் குடிலும் கடல் பார்த்த குடில். பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. பகல் பதினொரு மணிக்குக் காலி செய்யச் சொல்லி யாரும் கதவைத் தட்டுவதில்லை. ரிசார்ட் இந்தத் தரத்தை இன்னும் எட்டவில்லை.

ஒரு நிலத்து வாழ்வை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எனப் பகுத்து அறிவது தொல்காப்பியம் காட்டும் வழி. ரிசார்ட்டையும் அந்த வழியிலேயே அணுகுவது முறை.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நெய்தல் நிலம் என்பது கடலும் கடல் சார்ந்த இடமும் என்பார்கள். ரிசார்ட்டில் கடல் சார்ந்த இடம் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது, கடல் பிற்பாடு. 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கரையில் அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிதாக எதுவும் கட்டக் கூடாது என்றது. விதி கடலின் நன்மைக்காக வந்தது. ஆனாலும் 200 மீட்டர் என்பது நான்கு வயதுப் பிள்ளை நடக்க மறுக்கும் தொலைவைவிடச் சரியாக 150 மீட்டர் கூடுதல். அந்த 150 மீட்டரைத் தந்தையின் இடுப்பு சுமக்கிறது.

நெய்தலின் சிறுபொழுது எற்பாடு. பொழுது சாயும் வேளை என்று அதற்குப் பொருள் சொல்வது பெருவழக்கு. பொழுது புலரும் வேளை என்று கொண்டவர்களும் உண்டு. பிள்ளைகளோடு போனவர்கள் இரண்டு வேளையும் விழித்திருப்பதால் உரை வேறுபாடு அவர்களைப் பாதிப்பதில்லை. பாதிப்பது வேறொன்று. சோழமண்டலக் கரை கிழக்கு பார்த்தது. சூரியன் அங்கே கடலில் எழுமே தவிர, விழாது. கடலுக்குள் இறங்கும் செம்பரிதியைப் படமெடுக்க ஐந்தரைக்கே பிள்ளைகளுக்குத் தலை சீவி நிறுத்திய தாய், அது முதுகுப்பக்கம், கார் நிறுத்துமிடத்துக்கும் டீசல் ஜெனரேட்டருக்கும் நடுவில் இறங்குவதைக் காண்கிறாள்.

இனிக் கருப்பொருள். தெய்வம் வருணனே, மாற்றமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் அவர் நேரிலேயே வருவார். அந்நாட்களில் வாடகையில் சலுகை கிடைத்தால் அது அவர் அருள். பறை, பழைய நெய்தலில் மீன்கோட்பறை. இங்கே காவலர் ஊதும் விசில். மரம் சவுக்கு. பறவை காகம், குறிப்பாக நீச்சல்குளத்து மேசைமேல் வைத்த பிரெஞ்சு ஃப்ரையைக் குறிவைப்பது.

மக்கள் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அறை இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும் என்று தெரிந்தும், குடும்பம் பதினொன்றரைக்கே வந்துவிடுகிறது. ஈரத் துண்டும், சிறு குவளையில் பச்சை நிறப் பானமும் தரப்படுகின்றன. பானம் சோபாவில் கொட்டப்படும் வரையுள்ள காலத்தை வரவேற்பு எனலாம். அறைக்குள் நுழைந்ததும் பெரியவர்கள் திரையை விலக்கிக் கடலைப் பார்க்கிறார்கள். பிள்ளைகளின் கள ஆய்வு வேறு வகையானது: லிஃப்ட்டின் பொத்தான்கள், கட்டிலோரத்துத் தொலைபேசி, கதவோரம் அட்டை செருகினால் எரியும் விளக்கு, பூட்டித் திறக்கும் சிறு இரும்புப் பெட்டி, குளியல் தொட்டி. இவற்றில் அட்டையே சிறந்தது என்பது கண்கூடு, உருவினால் ஏ.சி. நிற்கும், அப்பா கத்துவார், செருகினால் இரண்டும் சீராகும். கடலில் இந்த வசதி இல்லை.

உணவு, முன்பு மீனும் உப்பும் விற்றுப் பெற்றது. இப்போது காலை ஏழு முதல் பத்தரை வரை பஃபே. ரொட்டி வகை, பழ வகை, முட்டை வகை, கண்ணெதிரே தோசை சுடும் லைவ் கவுண்டர் என எல்லாவற்றையும் வலம் வந்தபின் பிள்ளை கேட்பது சர்க்கரை தொட்ட இட்லி. இதனால் ஏற்படும் இழப்பைத் தந்தை தாமே உண்டு ஈடுகட்டுகிறார். தட்டு காலியாவது பசியினால் அல்ல, வாடகையினால். 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்பதால் வரிக்கென்று தனியாக ஒரு வடையும் உண்ணப்படுகிறது. பாட்டி இந்த முறையை ஏற்பதில்லை. இரண்டு வாழைப்பழமும் ஒரு மஃபினும் காகிதத் துண்டில் சுற்றப்பட்டு அவர் கைப்பைக்குள் போகும். கேட்டால், “மத்தியானம் புள்ளைங்களுக்குப் பசிக்காதா?” என்பார். மத்தியானம் பசிக்கும். அப்போது அந்த மஃபினைத் தேடாத குடும்பம் இல்லை.

ரிசார்ட்டின் நடுநாயகம் நீச்சல்குளம். கடல் தெரியும் இடத்தில், கடலுக்கு முதுகு காட்டிய நாற்காலிகள் சூழ, அது வெட்டப்பட்டிருக்கும். அந்நாற்காலிகளில் விடியற்காலையிலேயே துண்டுகள் விரிக்கப்படுகின்றன. இது ஐரோப்பியர் வழக்கம் என்று எண்ணுவோர், பேருந்தின் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்த ஒரு சமூகத்தின் அனுபவத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். குளத்தில் இறங்க நைலான் உடை கட்டாயம் என்ற பலகையைப் பார்த்தபின்தான், வீட்டில் எடுத்து வைத்த உடை வீட்டிலேயே இருப்பது நினைவுக்கு வரும். விடுதிக் கடையில் அதே உடை மும்மடங்கு விலை.

குளத்தின் மணத்தைக் குளோரின் மணம் என்று பெற்றோர் நம்புகிறார்கள். சுத்தத்தின் அடையாளமாகவும் கொள்கிறார்கள். வேதியியல் வேறு சொல்கிறது. குளோரின், குளிப்போரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களே அந்த நெடிக்கும் கண் எரிச்சலுக்கும் காரணம். சிறுவர் குளத்தின் நீர் பக்கத்துக் குளத்தைவிட இதமாகச் சுடுவது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது. அதை மேற்கொள்ள யாரும் முன்வரவில்லை.

மாலையில் கடலுக்குப் புறப்பாடு. வாளி, மண்வாரி, மாற்றுடை, தண்ணீர் பாட்டில், தொப்பி, பிஸ்கட் ஆகியவை உற்சவமூர்த்திகளுடன் எழுந்தருளும். கரையில் சிவப்புக் கொடி. இந்தக் கரையில் கடல் சட்டென்று ஆழம் கொள்வதாலும், திரும்பும் அலை காலடி மணலைப் பறிப்பதாலும், முழங்காலுக்கு மேல் போனால் விசில் ஒலிக்கும். அந்த ஒரு விஷயத்தில் விசில் சொல்வதைக் கேட்பது நல்லது. பிள்ளைகளுக்கு இதில் குறையொன்றுமில்லை. அவர்கள் வந்தது குழி தோண்ட. நெய்தல் நிலத்து ஆடவர் தொழில் மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் என்றால், ரிசார்ட் நிலத்தில் அது கடல்நீரை வாளியில் மொண்டு வந்து குழியில் ஊற்றுதல். மணல் என்பது கால் மில்லிமீட்டரில் நாலில் ஒரு பங்கு முதல் 2 மில்லிமீட்டர் வரை குறுக்களவுள்ள துகள் என்று நிலவியல் வரையறுக்கிறது. அவற்றின் இடைவெளிகளில் எவ்வளவு நீரும் இறங்கிவிடும் என்பதைத் தந்தை பதினேழாவது வாளியில் அறிகிறார்.

இந்த இடத்தில்தான் பாட்டியின் கோட்பாடு வெளிப்படுகிறது: “இதே கடல்தானேடா மெரினாவுலயும்? அங்க ஓசி.” இதைப் பாமரக் கூற்று என்று தள்ள முடியாது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த சென்னைத் துறைமுகத்தின் சுவர் அந்த மணலை மறித்ததால்தான் மெரினா இவ்வளவு அகன்றது. ஆக, வரியோடு வாடகை கட்டி மிதிக்கப்படும் இதே மணல், கொஞ்சம் பொறுத்தால் மெரினாவுக்குத் தானே வந்து சேரும். கடல் மட்டுமல்ல, கரையும் ஒன்றே என்று பாட்டியின் கோட்பாட்டை விரித்துக்கொள்ளலாம். சுண்டல் மட்டும் இங்கே கிடையாது.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை இரவில் இக்கரைக்கு வேறொரு தாயும் வருவாள். பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி, குழி பறித்து ஏறத்தாழ 100 முட்டை இட்டு, மூடிவிட்டு, திரும்பிப் பாராமல் கடலுக்குள் போய்விடும். குஞ்சுகள் ஏறக்குறைய 50 நாளில் பொரிந்து, வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி நடக்கும்; கரையோர விளக்குகள் அவற்றைத் தவறான பக்கம் இழுத்துவிடும். சென்னைப் பகுதிக் கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காத்து வருகிறார்கள். அறிவிப்புப் பலகையில் இதைப் படிக்கும் தாய்மார்கள், விளக்கு பற்றிய பகுதியை விரைவாகவும், திரும்பிப் பாராமல் போகும் பகுதியைச் சற்று நின்றும் படிக்கிறார்கள்.

இரவு பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆறடி அகலக் கட்டிலில் பிள்ளை குறுக்கே படுக்கும். எக்ஸ்ட்ரா பெட் தந்தைக்கு.

உரிப்பொருள் ஒன்றே எஞ்சியது. நெய்தலுக்கு அது இரங்கல். பழைய நெய்தலில் கடல்மேல் போன தலைவனை எண்ணித் தலைவி இரங்குவாள். இங்கே காலை பத்தே முக்காலுக்கு, கதவு அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் வேளையில் இளைய பிள்ளை தரையில் புரண்டு இரங்கும். கடலைப் பிரிவதற்காக அன்று, லிஃப்ட்டைப் பிரிவதற்காக. தாயின் இரங்கல், கடற்கரையில் ஒரு நிமிடம் தனியாக உட்காரவில்லையே என்பது. தந்தையின் இரங்கல் ரசீதில் உள்ளது: மினி பாரில் ஒரு முந்திரிப் பொட்டலம், யாரும் எடுக்கவில்லை என்று எல்லோரும் சொன்னது. பாட்டிக்கு இரங்கல் இல்லை. மஃபின் பத்திரமாக இருக்கிறது.

வீடு திரும்பும் பொருள்களில் ஷாம்பு புட்டிகள் ஒரு வாரத்தில் தீரும், சிப்பிகள் ஒரு மாதம் நாறும். மணல் மட்டும் நீடிக்கும். ஆயுத பூஜைக்குக் காரைத் துடைக்கும்போது பின்னிருக்கைக்கு அடியில் ஒரு கைப்பிடியாவது கிடைக்கும். அதை வீணாக்காமல் மொட்டை மாடித் தொட்டியில் போடுவது வழக்கம். துளசிக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.