சாமி பட்டணத்தில், கோயில் மலையில்

கேள்வி: ரோமனெஸ்க் தேவாலயம் என்கிறார்களே, எப்படி அடையாளம் காண்பது? பெரிய கதீட்ரல்களை விடுங்கள், கிராமத்துக் கோயிலாக ஒன்றைச் சொல்லுங்கள்.

பதில்: ஸ்பெயினின் கட்டலோனியாவில், பைரனீஸ் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தாவுல் என்றொரு சிற்றூர். அங்கே இருக்கும் புனித கிளமெண்ட் ஆலயத்தைப் பாருங்கள். அரைவட்ட வளைவுகள், தடித்த கல் சுவர், சிறு ஜன்னல். உள்ளே உருண்டைத் தூண்கள் இடத்தை மூன்றாகப் பிரிக்கும். ஒவ்வொரு பகுதியும் கிழக்கே ஓர் அரைவட்ட மாடத்தில் போய் முடியும். மேலே மரக்கூரை. ‘என்னைப் பார், என் அழகைப் பார்’ என்கிற தோரணை எங்குமே கிடையாது. அதனால்தான் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது.

கேள்வி: கட்டிய வருடம் உறுதியாகத் தெரியுமா, அல்லது ‘ஆயிரம் வருடப் பழமை’ ரகமா?

பதில்: நாளே தெரியும். 1123 டிசம்பர் 10 அன்று ஆயர் ரமோன் இதை அர்ச்சித்ததாகத் தூணிலேயே எழுதி வைத்தார்கள். மறுநாள் அதே ஊரில் புனித மரியா ஆலயத்தையும் அவரே அர்ச்சித்தார். டிசம்பர் மாத பைரனீஸில் இன்னொரு முறை மலையேற யாருக்குத்தான் மனசு வரும்! தூணில் இருந்த அந்த எழுத்து இப்போது பார்சிலோனா அருங்காட்சியகத்தில். ஓவியங்களை எடுத்துப்போனவர்கள் கோயிலின் பிறப்புச் சான்றிதழையும் விட்டுவைக்கவில்லை.

கேள்வி: ஆடு மாடு மேய்க்கும் ஊரில் இரண்டு கோயில்கள் கட்டப் பணம் ஏது?

பதில்: ஊர் கொடுத்ததல்ல, பிரபு கொடுத்தது. இந்தப் பள்ளத்தாக்கை ஆண்ட எரில் குடும்பத்தார் அரகோன் அரசன் அல்போன்சோவோடு சேர்ந்து முஸ்லிம் அரசுகள் மீது படையெடுத்தவர்கள். அதில் வந்த செல்வம்தான் இங்கே கல்லாகவும் சுண்ணாம்பாகவும் ஏறியது என்பது வரலாற்றாசிரியர்கள் கணக்கு. சண்டையில் வந்த காசு சாமிக்குப் போவது உலக வழக்கம்.

கேள்வி: அந்த மணிக்கூண்டு ஏன் அவ்வளவு உயரம்?

பதில்: அடித்தளத்துக்கு மேல் ஆறு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கின் உச்சியிலும் குட்டி வளைவுகளாக ஒரு வரிசை ஓடும்; வட இத்தாலியின் லொம்பார்டி கொத்தனார்களின் கைமுத்திரை அது. பக்கத்து ஊர்களான போயி, எரில் லா வால் கோயில்களிலும் இதே ஜாதிக் கோபுரங்கள்தான். மணி அடிக்க இவ்வளவு உயரம் தேவையில்லை. எரில் பிரபு இருக்கிறார் என்று பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிய வேண்டுமே!

கேள்வி: ஜன்னலைப் பெரிதாக வைத்திருக்கக் கூடாதா? உள்ளே இருட்டு.

பதில்: ஜனவரியில் போய்விட்டு வந்து மறுபடியும் கேளுங்கள்.

கேள்வி: தாவுல் ஓவியம் என்று எல்லோரும் சொல்வது எதை?

பதில்: நடு மாடத்தில் இருந்த கிறிஸ்துவை. வானவில் போன்ற வளைவின் மேல் அமர்ந்து, வலக்கையை ஆசீர்வதிக்க உயர்த்தி, இடக்கையில் ‘நானே உலகின் ஒளி’ என்று லத்தீனில் எழுதிய புத்தகத்தை விரித்துப் பிடித்திருக்கிறார். கண்கள் உங்களைத் தாண்டி எங்கோ பார்க்கின்றன. நீலத்துக்கு அந்த மலையிலேயே கிடைக்கும் ஏரினைட் என்ற கனிமத்தை அரைத்திருக்கிறார்கள். வரைந்தவர் பெயர் எங்கும் இல்லை. ‘தாவுல் ஆசான்’ என்று பிற்காலத்தார் வைத்ததுதான்.

அடியேனுக்குப் பிடித்தவை ஓரத்தில் இருப்பவை. நற்செய்தியாளர் மாற்குவின் சின்னமான சிங்கத்தை ஒரு வானதூதர் பின்னங்காலைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். லூக்காவின் காளைக்கு வாலே பிடி. வளைவில் ஏழு கண்களோடு ஓர் ஆட்டுக்குட்டி. ஏழை லாசரின் புண்ணை நக்கும் நாய் ஒன்றும் உண்டு. இவ்வளவு கம்பீரத்துக்கு நடுவே இப்படியெல்லாம் வரைந்தவர் கடுகடுப்பான ஆளாக இருந்திருக்க முடியாது. 1934இல் பிக்காசோ பார்சிலோனா வந்தபோது, அங்கே அருங்காட்சியகத்தில் இருந்த இந்தத் தொகுப்பைப் பார்த்துப் போனார்.

கேள்வி: சுவரில் வரைந்த ஓவியம் பார்சிலோனாவுக்கு எப்படிப் போனது? சுவரையே பெயர்த்தார்களா?

பதில்: சுவர் அங்கேயேதான் நிற்கிறது, தோலை மட்டும் உரித்தார்கள். ஓவியத்தின் மேல் துணியை வைத்து விலங்குப் பசையால் ஒட்டுவார்கள். பசை காய்ந்து இறுகும்போது வண்ணப் படலத்தைத் தன்னோடு பற்றிக்கொள்ளும். பிறகு ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்தால் ஓவியம் துணியோடு வந்துவிடும். அதைச் சுருட்டிக் கோவேறு கழுதை முதுகில் ஏற்றி மலையிறக்கினார்கள். பார்சிலோனாவில் முதுகுப் பக்கம் புதுத் துணி ஒட்டி, முன்பக்கப் பசையை வெந்நீரால் கரைத்துத் துணியை எடுத்து, மாடத்தின் வளைவையே மரத்தில் செய்து அதன் மேல் பதித்தார்கள். 1919 முதல் 1923 வரை பல ஊர்க் கோயில்களில் இந்த வேலை நடந்தது.

கேள்வி: இது திருட்டு இல்லையா?

பதில்: விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். சூழ்நிலையையும் பார்க்க வேண்டும். 1907இல் புய்க் இ கடஃபால்க் தலைமையில் அறிஞர் குழு ஒன்று இந்த மலையைச் சுற்றி ஓவியங்களைப் படம்பிடித்து, புத்தகமாகவும் வெளியிட்டது. படித்தவர்களில் வியாபாரிகளும் உண்டு! மூர் என்ற ஊரின் ஓவியம் விலைபோய், கடல் தாண்டி, இன்று அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதறிப்போன பார்சிலோனா அருங்காட்சியகக் குழு, மிச்சத்தையாவது நாமே வாங்குவோம் என்று இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், வியாபாரிகளுக்காக உரித்துக்கொண்டிருந்த ஃபிராங்கோ ஸ்டெஃபனோனியின் இத்தாலியக் குழுவையே இவர்களும் அமர்த்தினார்கள். தொழில் தெரிந்தவர்கள் அவர்கள்தான். என்னைக் கேட்டால் செய்தது சரி. சங்கடமான சரி.

கேள்வி: அப்படியானால் தாவுலில் இப்போது வெறும் சுவரா?

பதில்: வெகுகாலம் நகல் ஓவியம் ஒன்று இருந்தது. 2013இல் அதை எடுத்துவிட்டு, ஒளிவீழ்த்தியால் மாடத்தின் மேல் ஓவியத்தைக் கோடு கோடாக, நிறம் நிறமாக வரவழைக்கிறார்கள். 1123இல் கோயில் எப்படி இருந்திருக்கும் என்று சில நிமிடம் தெரியும். விளக்கு அணைந்ததும், உரித்தபோது சுவரோடு தங்கிவிட்ட அசல் துணுக்குகள் தெரியும். எனக்கு அவைதான் முக்கியம். போயி பள்ளத்தாக்கின் 9 ஆலயங்களையும் யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. படம் போன பிறகும் கட்டடத்துக்கு மரியாதை குறையவில்லை.

கேள்வி: ஓவியத்தைத் திருப்பித் தந்துவிடலாமே?

பதில்: இந்தக் கேள்வி ஸ்பெயினில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது, தாவுலுக்காக அல்ல. அரகோனின் சிஹெனா மடத்து ஓவியங்கள், 1936இல் மடம் தீக்கிரையானபின் பெயர்க்கப்பட்டு அதே பார்சிலோனா அருங்காட்சியகத்துக்கு வந்தவை. அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அசைத்தால் உதிர்ந்துவிடும் என்கிறது அருங்காட்சியகம். தாவுல் கதை வேறு. அது வாங்கிய சொத்து. எனவே கிறிஸ்து ஊர் திரும்புவார் என்று காத்திருக்காமல், முதலில் மலைக்குப் போய்க் கோயிலைப் பாருங்கள், பிறகு பார்சிலோனா. வரிசையை மாற்றினால் மலையில் ஏமாற்றமாக இருக்கும்.